கை உடைந்து விழுந்தேன்

ஜூன் 27, திங்கள்

இந்த டைரி எங்கள் அச்சகத்தின் கழிவு. மார்ச் மாதத்துக்கு முப்பத்திரண்டாம் தேதி போட்டு ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டது. நான் லீவில் இருந்த வாரம் நடந்த கூத்து. நான் இருந்திருந்தால் நடந்திருக்காது. சிவகாசியில் பதினாலு வருஷமாகத் தினக் காலண்டருக்கும் டைரிக்கும் புரூஃப் பார்க்கிறேன். என் கண்ணுக்கு ஒரு கால் வாங்கியது தப்பாது, ஒரு கொம்பு விட்டது தப்பாது.

இன்று முதல் இதில் எழுதப்போகிறேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு, சொன்னதைச் சொன்னபடி. நாளைக்குப் பேச்சை மாற்றுவார்கள். அப்போது இதைத் தூக்கி அவர்கள் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்.

நகைக்குக் கை உடைந்துவிட்டது. வலது கை, தோளுக்குக் கொஞ்சம் கீழே. என் மகள், மூன்றாம் வகுப்பு, முழுப்பெயர் இளநகை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் பிள்ளை வராந்தாவில் பி.டி. டீச்சர் மடியில் சுருண்டு கிடக்கிறது. டீச்சர் பெயர் அருள்மேரி, போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். மைதானத்துக் கம்பியில் பிள்ளைகளைத் தொங்கவிட்டிருக்கிறாள்.

அவள் சொன்னது: "மேடம், நான் பக்கத்துலதான் நின்னேன். பாப்பா தொங்கிக்கிட்டுதான் இருந்தா. டக்குன்னு ஒரு சத்தம். அப்புறம்தான் கைய விட்டா."

கீழே விழுவதற்கு முன்பே கை உடைந்ததாம். யாருக்குக் காதில் பூச்சுற்றுகிறாள்?

நகை சொன்னது: "கை உடைஞ்சு விழுந்துட்டேன்மா."

"விழுந்து உடைஞ்சுச்சுன்னு சொல்லுடி" என்றேன். மறுபடியும் "உடைஞ்சு விழுந்தேன்" என்றாள். வலியில் பிள்ளைக்கு வாக்கியம் குழறுகிறது. அவள் சொன்னதை அப்படியே மேலே எழுதினேன். பழக்கதோஷம், கையில் சிவப்புப் பேனா வந்து இரண்டு சொல்லுக்கும் வளைகோடு போட்டு இடம் மாற்றிவிட்டது. போகட்டும். சரியான வாக்கியம் அதுதானே.

ஜூன் 28, செவ்வாய்

ஹெச்.எம்.மிடம் மூன்று பக்கத்துக்குப் புகார் கொடுத்தேன். 'தங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியையின் கவனக்குறைவால் என் மகள் கீழே விழுந்து, வலது கை உடைந்தது.' வாங்கிப் படித்த ஹெச்.எம்., "தமிழ் நல்லா இருக்கு மேடம்" என்றாள். புகாரைக் கொடுத்தால் தமிழுக்கு மார்க் போடுகிறாள்.

எண்ணெய்க் கட்டு போட்டாயிற்று. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். என் வீட்டுக்காரர் மகாலிங்கம், "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாமா கனி?" என்றார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவருக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்? உடைந்தது கண்ணுக்கே தெரிகிறது, அதற்கு எதற்குப் படம்? வேண்டாம் என்றேன்.

ஜூலை 1, வெள்ளி

அருள்மேரியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சபாஷ்.

நகை ராத்திரி சாப்பிடவில்லை. ரசம் காரமாக இருந்ததாம்.

ஜூலை 14, வியாழன்

அடுத்த வருஷத் தேதித்தாள் புரூஃப். ஒரே வாரத்தில் இரண்டு அமாவாசை போட்டிருக்கிறார்கள். கேட்டால் கம்ப்யூட்டர் அப்படிக் கொடுத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை ராகு காலத்தை ஒன்பதரைக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள். நான் பார்க்காமல் விட்டிருந்தால் ஊரிலிருக்கிற கல்யாணமெல்லாம் என் தலையில் விடிந்திருக்கும்.

நகை பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கம்பியில் அவள் வகுப்பிலேயே அதிக நேரம் தொங்குகிறவள் அவள்தானாம். எண்பது எண்ணுகிற வரைக்கும். அருள்மேரி டீச்சர்தான் எண்ணுவாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 3, புதன்

ஆடிப்பெருக்கு. அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டாயிற்று, முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நகைக்குக் கட்டு பிரித்தாயிற்று. "இரும்பா ஆயிருச்சு, போங்க" என்றார் வைத்தியர். லட்டை வலது கையால் வாங்கித் தின்றாள். நல்ல நாள்.

செப்டம்பர் 11, ஞாயிறு

மறுபடியும். அதே கை, அதே இடம்.

காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. நான் பெரிய குடத்தோடு முன்னால் வந்துகொண்டிருந்தேன். நகை பின்னால் சின்னக் குடத்தோடு வந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினால் குடம் உருளுகிறது, பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கிறது. "குடம் மேல விழுந்துருச்சா?" என்றேன். "இல்ல. கை உடைஞ்சுச்சு, அதான் குடம் விழுந்துருச்சு" என்றாள். இந்தப் பிள்ளைக்கு எதையும் நேராகச் சொல்ல வராது.

சின்னக் குடத்தை எடுத்துக் கொடுத்தது மகாலிங்கம். கட்டு பிரித்து ஒன்றரை மாதம்கூட ஆகாத கையில் குடத்தைக் கொடுக்கிற மனுஷனை என்ன சொல்ல? சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். தெருவே கேட்டது. கேட்கட்டும். அவர் நகையை லோடு ஆட்டோவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். என்னைக் கேட்காமலே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார்.

சின்ன வயசு டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "எலும்புக்குள்ள நீர்க்கட்டி மாதிரி தெரியுது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. மொத தடவ உடைஞ்சப்ப எடுத்த எக்ஸ்ரே எங்கே?" என்றார்.

மகாலிங்கம் தரையைப் பார்த்தார்.

செப்டம்பர் 12, திங்கள்

நீர்க்கட்டி என்ற சொல்லில் நீர் என் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. கட்டி மட்டும்தான் தெரிகிறது.

செப்டம்பர் 15, வியாழன்

மதுரை. குழந்தைகளுக்கென்று தனியாக எலும்பு டாக்டர், பெயர் பர்வீன். ஐம்பது வயசிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு, "மொத தடவ எப்படி உடைஞ்சது?" என்றாள்.

"ஸ்கூல்ல கம்பியிலருந்து கீழ விழுந்து உடைஞ்சது டாக்டர்" என்றேன்.

"உங்களக் கேக்கலம்மா. பாப்பா, நீ சொல்லு. விழுந்து உடைஞ்சுதா, உடைஞ்சு விழுந்தியா?"

நகை முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "உடைஞ்சு விழுந்தேன்" என்றாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் டாக்டர்.

இந்த ஆஸ்பத்திரி வாசலில் 'இங்கே காத்திறுக்கவும்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். வல்லின ற. இவ்வளவு பெரிய கட்டடம் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஓர் எழுத்து ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. தினம் எத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருத்தருக்கும் உறைக்கவில்லையா? ரிசப்ஷனில் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அங்கேயும் சத்தம் போட்டேன். மகாலிங்கம் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன். எலும்புக்குள் தண்ணீர் கோத்த ஒரு பை இருக்கிறது. பார்த்தவரைக்கும் புற்றுநோய் மாதிரி இல்லை. அந்த இடத்தில் எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்துபோயிருக்கிறது. அதனால்தான் சும்மா சும்மா உடைகிறது. இப்போதைக்கு எலும்பு கூடட்டும். சில பிள்ளைகளுக்கு உடைந்ததிலேயே பை வற்றிவிடும். வற்றாவிட்டால் ஆபரேஷன்.

"யாரு செஞ்ச தப்பு டாக்டர் இது?" என்று கேட்டேன்.

"யாரு தப்பும் இல்லம்மா."

இந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. செய்தவன் இல்லாத வாக்கியம்.

பஸ்ஸில் மகாலிங்கம் சிவகாசி வரைக்கும் பேசவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு வகைத் திமிர்தான்.

அக்டோபர் 10, திங்கள்

காலண்டர் சீசன். பைண்டிங்கில் புதிதாக முப்பது பேரைச் சேர்த்திருக்கிறார்கள். டீ குடிக்கப் போகும்போது பார்த்தேன், தேதித்தாள் கட்டுக்குத் தகரம் அடிக்கிற மெஷினில் அருள்மேரி. தலையில் துண்டு கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

எத்தனையோ அச்சகம் இருக்கிற ஊரில் இவளுக்கு எங்கள் அச்சகம்தான் கிடைத்ததா?

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. ஊருக்கெல்லாம் வெடி செய்கிற ஊரில் என் பிள்ளை கையைத் தூக்குப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரி, "நகை நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "லாக்கர்ல வச்சிருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 16, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். சொன்னதைச் சொன்னபடி, நடந்ததை நடந்தபடி.

போன வாரம்தான் தூக்குப் பையை எடுக்கச் சொன்னார்கள். பை வற்றவில்லை, ஆனால் எலும்பு கூடியிருக்கிறது, அரைப்பரீட்சை லீவில் ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பள்ளிக்கூடம் போகலாம், கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்று காலை எட்டு இருபதுக்கு வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. யூனிஃபார்ம் சட்டைக்குள் நகையின் வலது கையை நுழைத்துக்கொண்டிருந்தேன். "கைய நீட்டுடி, வேன் போயிரும்" என்றேன். அவள் நீட்டினாள். நான் இழுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன், அவ்வளவுதான். இழுக்கவில்லை.

டக்கென்று ஒரு சத்தம்.

நகை அழவில்லை. கை சட்டைக்குள்ளேயே இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ இழுக்கலம்மா" என்றாள். நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். எட்டு வயசுப் பிள்ளை எனக்குச் சாட்சி சொல்லுகிறது!

மகாலிங்கம் ஓடிவந்தார். "நான் இழுக்கலங்க. சும்மா பிடிச்சேன். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு" என்றேன். இதையே நாலு தரம் சொல்லியிருப்பேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையை வெட்டினார். வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்த டீச்சரும் இதத்தான சொன்னா" என்றார்.

ஐந்து மாதமாக அவர் பேசாமல் வைத்திருந்தது இந்த ஒரு வாக்கியம். அதில் திருத்த ஒன்றுமில்லை. கைக்குக் கிடைத்த டிபன் பாக்ஸை அவர் மேல் எறிந்தேன். சுவரில் பட்டது. தக்காளிச் சாதம்.

நவம்பர் 17, வியாழன்

சுவரைத் துடைத்தேன். கறை போகவில்லை.

நவம்பர் 24, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. காலை ஏழரைக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு நகை டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "மறுபடி கம்பியில தொங்கலாமா?" டாக்டர் பர்வீன், "எலும்பு முழுசா நெறையட்டும். ஒரு வருஷம் ஆகலாம். நான் சொன்ன அன்னைக்குத் தொங்கலாம்" என்றாள். நகை விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தாள்.

பத்தே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தாள். எலும்பில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி திறந்து, பையைச் சுரண்டி எடுத்து, இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்தக் குழியை நிரப்பியிருக்கிறார்களாம். உள்ளே வளைகிற மாதிரி இரண்டு மெல்லிய கம்பி. இனிமேல் உடையாமல் அது தாங்கிக்கொள்ளுமாம். சில பிள்ளைகளுக்குப் பை திரும்பவும் வரலாம், இரண்டு வருஷம் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். சுரண்டியதை பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"டாக்டர், மொத தடவயே படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன். தெரிந்திருக்காது என்று சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சிருக்கும்" என்றாள். "அந்தப் பாப்பா தெளிவாத்தான சொல்லுது. மொத நாளும் இப்படித்தான் சொன்னாளா?"

"ஞாபகம் இல்ல" என்றேன்.

டைரி என் பையில்தான் இருந்தது.

டிசம்பர் 5, திங்கள்

பயாப்ஸி வந்துவிட்டது. வெறும் நீர்ப்பைதான். கெட்டது ஒன்றுமில்லை. மகாலிங்கம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவது பொய். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதாகச் சொல்லித்தான் இந்த டைரியைத் தொடங்கினேன்.

வெளியே வரும்போது பார்த்தேன். பலகையில் 'காத்திருக்கவும்' என்று மாற்றியிருக்கிறார்கள். ஒரு ரிசப்ஷன் பெண்ணுக்கு இருக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

டிசம்பர் 19, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் பைண்டிங்குக்குப் போனேன். அருள்மேரி தகரத் தூசியைத் தட்டிக்கொண்டு டிபனைத் திறந்துகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். எலும்புக்குள் இருந்த பை, சட்டை, ஆபரேஷன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மன்னிச்சிரும்மா" என்றேன்.

கையிலிருந்த மூடியை டப்பென்று வைத்தாள்.

"பாப்பா இப்ப விரலை மடக்குறாளா?"

"மடக்குறா."

"சரி. உங்க மன்னிப்ப வச்சு நான் என்னக்கா செய்ய? இதுல சோறு பொங்க முடியுமா? மூணு ஸ்கூல்ல கேட்டுட்டேன். 'புள்ள கையை உடைச்ச டீச்சர்தான நீ'ன்னு மூஞ்சிக்கு நேராக் கேக்காங்க. நான் தொட்டுக்கூடப் பாக்கல அந்தக் கைய. அன்னைக்கு அந்த வலியிலயும் பாப்பா உங்ககிட்ட சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான் பக்கத்துலயே நின்னேன். நீங்க இலக்கணம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தீங்க."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் குரலை இறக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். அன்னைக்கு அந்தப் புள்ள சொன்னத, சொன்னபடியே போய் ஹெச்.எம். முன்னால சொல்லுங்க. அது போதும்."

திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். என்னை யாரும் இப்படி நிறுத்திவைத்துப் பேசியதில்லை. கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

டிசம்பர் 21, புதன்

லீவு போட்டேன். கையைத் தூக்குப் பையில் போட்டுக்கொண்டு நகையும் வருவேன் என்றாள். ஹெச்.எம். மேஜை மேல் டைரியை விரித்து, ஜூன் 27ஐக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"எதுக்கு மேடம் பழைய கதை? பாப்பா நல்லா இருக்காள்ல?" என்றாள்.

"பழைய கதை இல்லைங்க. அந்தப் பொண்ணு இன்னைக்கும் தகரம் அடிச்சுக்கிட்டு இருக்கு. மொதல்ல இதைப் படிங்க."

கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். "இதுல திருத்தம் போட்டிருக்கே மேடம். வளைகோடு போட்டு மாத்தியிருக்கீங்க. அப்ப, 'விழுந்து உடைஞ்சுது'ன்னுதான வருது?"

"திருத்தினது நான். பிள்ளை சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. தப்பு திருத்தத்துல இருக்கு."

சொல்லும்போதே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். திருத்தியது தப்பு, முன்பு இருந்ததே சரி என்று தெரிந்தால் அந்தச் சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். மற்றவர்கள் திருத்தத்தின் மேல் எத்தனையோ தரம் வைத்திருக்கிறேன். என் திருத்தத்தின் மேல் வைத்ததில்லை. 'உடைஞ்சு'க்கு அடியில் புள்ளி வைத்தேன். 'விழுந்துட்டேன்' அடியில் வைத்தேன். இருக்கட்டும் என்று எழுதும்போது கடைசி எழுத்து கலைந்துவிட்டது. நகை எட்டிப் பார்த்து, "மையக் கெடுத்துட்டியேம்மா" என்றாள்.

வேலை இப்போது காலியில்லை என்றாள் ஹெச்.எம். அது தன் கையில் இல்லை என்றும் சொன்னாள். "அப்ப உங்க கையில இருக்குறதக் குடுங்க" என்றேன். அருள்மேரி மேல் எந்தத் தவறும் இல்லை என்று பள்ளிக்கூடத் தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுக்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுதியதில் இரண்டு பிழை இருந்தது. இரண்டையும் திருத்தி வாங்கினேன். அதை எப்படி விட முடியும்?

வழியில் ஜூன் 27ஐ டைரியிலிருந்து கிழித்து ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அசலையும் கடிதத்தையும் பைண்டிங்கில் அருள்மேரியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், மடித்து வைத்தாள். நகையிடம் குனிந்து, "விரலை மடக்கு பாப்பா" என்றாள். நகை மடக்கிக் காட்டினாள். "எண்பது வரைக்கும் எண்ணணும், ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

ஜெராக்ஸை அந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன். சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது.

டிசம்பர் 22, வியாழன்

சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நேற்று நடந்ததை நகை அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஹெச்.எம். ரூம்ல அம்மாவுக்குக் கண்ணு செவந்து அழுதுச்சுப்பா."

அழுது சிவந்தது என்றுதான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்துகொண்டே கரண்டியோடு வெளியே வந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நகை காத்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்ன வரிசைதான் சரி. முதலில் சிவந்தது, பிறகுதான் அழுதேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் குழம்பை இறக்கினேன்.